குளத்துக்குப் போட்ட பந்தல்

வெளிநாட்டில் சம்பாதித்து ஊருக்குத் திரும்புகிறவனுக்குப் புத்தி மட்டும் அடுத்த விமானத்தில்தான் வரும். என் விஷயத்தில் அந்த விமானம் பல வருடம் தாமதம். அது வந்து சேர்வதற்குள் நான் ஆலங்குடிக்குப் பக்கத்தில், கடலைக் காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், வீட்டு வாசலிலேயே ஒரு நீச்சல் குளம் கட்டிவிட்டேன்.

கட்டியதற்குக் காரணம் உண்டு. மஸ்கட்டில் நான் பார்த்த வேலை, பெரிய பங்களாக்களில் நீச்சல் குளம் சுத்தம் செய்வது. (வீட்டில் சொன்னது ‘டெக்னீசியன்’. என் கல்யாணப் பத்திரிகையில் அது ‘இன்ஜினியர்’ ஆகியிருந்தது. யார் ஆக்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.) நீளக் கம்பில் வலையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவன் குளத்தில் விழுந்த பூச்சியைப் பொறுக்கியே என் இளமை போனது. அந்தக் குளங்களில் முதலாளி குளிப்பார், அவர் பிள்ளைகள் குளிப்பார்கள், ஒரு வீட்டில் நாய்கூடக் குளித்தது. நான் கணுக்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. அப்போதே முடிவு செய்துவிட்டேன், ஊரில் ஒரு குளம் கட்டி அதில் கழுத்தளவு நின்றால்தான் இந்த ஆத்திரம் அடங்கும் என்று.

கொல்லையில் கட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்? வாசலில் கட்டினேன். அதிலும் சித்தப்பா வீட்டு எல்லையை ஒட்டிக் கட்டினேன். காலையில் கதவைத் திறந்ததும் அவர் கண்ணில் படட்டும் என்பதற்காக.

சித்தப்பா என்றால் அப்பாவின் கூடப் பிறந்த ஒரே தம்பி. அடுத்த வீடு. இருவரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு தென்னை மரம். பாகம் பிரித்தபோது அது எல்லைக்கோட்டின் மேலேயே நின்றது. காய் யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சு, “இனிமே ஒங்களுக்கும் எங்களுக்கும் நல்லது கெட்டது கிடையாது” என்பதில் போய் முடிந்தது. கஜா புயலில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. சாயும்போதும் ஒரு பக்கம் சேராமல், எல்லைக்கோட்டின் மேலேயே நீளவாக்கில் படுத்தது. மரத்தை அறுத்து அகற்றியாகிவிட்டது. சண்டையை அகற்ற ஆள் இல்லை.

குளம் கட்டி முடித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மஸ்கட்டில் குளத்துக்கு எதிரி மணல் மட்டும். எங்கள் ஊரில் எல்லாமே எதிரி. சித்தப்பா வீட்டு வேம்பு இலையைக் கொட்டியது, பூவைக் கொட்டியது, பழத்தைக் கொட்டியது. காக்கா எங்கிருந்தோ எலும்பைக் கொண்டுவந்து ஊறப்போட்டது. மயில்கள் குடும்பத்தோடு வந்து தண்ணீர் குடித்து, குடித்த இடத்திலேயே எச்சமும் போட்டுக் கணக்கை முடித்துவிட்டுப் போயின. (தேசியப் பறவை. கல்லெடுத்து எறிந்தால் நான்தான் உள்ளே போக வேண்டும்.) ஆக, நான் மறுபடியும் நீளக் கம்பில் வலையைக் கட்டினேன். இந்த முறை சம்பளம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மேலே ஒரு கூரை போட்டுவிடலாம் என்று தோன்றியது. நாலு இரும்புத் தூண், மேலே தகரம். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே என்று போனேன். செயலர் பொறுமையான மனிதர். என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

“மேல ஒண்ணும் இல்லாத வரைக்கும் அது தொட்டிங்க. தூண் நட்டுக் கூரை போட்டுட்டீங்கன்னா கட்டடம். கட்டடம்னா பிளான் போட்டு அனுமதி வாங்கணும், பக்கத்து எல்லையில இருந்து இடம் விடணும். ஒங்க குளம் எல்லை மேலயே ஒக்காந்திருக்கே!”

“அப்ப என்னதான் பண்றது?”

“ஒங்க சித்தப்பா அந்த ஓரத்துல கொஞ்சம் எழுதிக் குடுத்தாருன்னா எல்லை தள்ளிப் போயிரும். அண்ணன் தம்பிதானே, கேட்டுப் பாருங்க.”

“பந்தல் போட்டா?”

அவர் சிரித்தார். “பந்தலை யாருங்க கேக்கப் போறா? கல்யாணத்துக்குப் போடுறாக, கேதத்துக்குப் போடுறாக. பொழுது விடிஞ்சா பிரிச்சிருவாக.”

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் சட்டையை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினார்.

“எங்க கிளம்புறீக?”

“சும்மா, அந்தப் பக்கம் போயி தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன். எடம்தானே, குடுப்பான்.”

எனக்குச் சுருக்கென்று ஏறியது. “எனக்காக நீங்க அவுக வாசல்ல போயி நிக்கக் கூடாதுப்பா. கூரையே இல்லாமப் போனாலும் சரி.”

“ஒனக்காகன்னு யாருடா சொன்னா?” என்றார்.

அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. வருடக்கணக்காக ஒரு சாக்குக் கிடைக்காமல் வேலியோரம் நின்றிருந்த மனிதருக்கு, அரசாங்கமே ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்திருந்தது. நான் குறுக்கே நின்று மறித்தேன். மானம், ரோஷம் என்று ஏதேதோ பேசினேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா கூட இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு ஒரு யோசனை. அப்பா திரும்பி வருவதற்குள் பந்தலைப் போட்டுவிட்டால், தம்பியிடம் போகிற பேச்சுக்கே இடமிருக்காது. உடனே பந்தல்காரருக்குப் போன் போட்டேன்.

“அவசரமாப் போடணும்ங்க. நாளைக்குக் காலையிலயே. வாசல் முழுக்க வரணும், பச்சைக் கீத்து. வாழைமரம் வேண்டாம், லைட்டு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “அப்பா இப்ப எங்கங்க இருக்காக?”

“ஆஸ்பத்திரியிலதான். நாளைக்கு மத்தியானம் கொண்டாந்துருவோம்.”

“நல்ல மனுசன்” என்றார். “நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, சேரும் நானே அனுப்பி வைக்கிறேன். மனசத் தேத்திக்கங்க.”

ஆபரேஷனுக்கு இத்தனை ஆறுதல் சொல்கிறாரே, என்ன பண்பான மனிதர் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

எங்கள் பக்கம் ஒரு வாசலில் திடீரென்று பச்சைக் கீற்றுப் பந்தல் எழும்பினால், ஊர் முதலில் பார்ப்பது வாழைமரத்தை. வாழைமரம் நின்றால் விசேஷம். நிற்காவிட்டால் கேதம், அதாவது சாவு. மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு எங்கள் ஊரில் யாரும் பந்தல் போட்டது கிடையாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் பாதி தெரிந்துதான் இருந்தது. வாழைமரம் கட்டினால் ஏதோ விசேஷம் என்று ஊரே சாப்பிட வந்துவிடும் என்று பயந்துதான் வேண்டாம் என்றேன். மீதிப் பாதியை மஸ்கட்டில் தொலைத்துவிட்டேன் போலிருக்கிறது. அத்தனை வருடமும் உறவுக்காரர்களின் எல்லா நல்லது கெட்டதையும் நான் போனில்தான் பார்த்தேன். போனில் பந்தலின் உட்புறம்தான் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம். ஆட்கள் பந்தல் போட வந்தபோது வாசலில் ஈ காக்கா இல்லை. ஆள் ஆஸ்பத்திரியில், வீடு பூட்டிக் கிடக்கிறது, பந்தல் எழும்புகிறது. ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்து விடை சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரியில் என் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். பில் கட்டும் வரிசையில் நின்று எடுத்துச் சத்தம் வைத்துப் பார்த்தால், தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கீரமங்கலத்து அத்தை, அத்தை மகன், யார் யாரோ. டிஸ்சார்ஜ் விசாரிக்கிறார்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். கையில் வைத்திருக்கும்போதே மறுபடி அடித்தது. சித்தப்பாவின் நம்பர். அழைக்கவும் மனமில்லாமல் அழிக்கவும் மனமில்லாமல் நான் வைத்திருந்த நம்பர்.

“எடுத்துத்தான் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“எதுக்கு? பந்தலைப் பாத்திருப்பாரு. வயிறெரியுது, அதான் கூப்பிடுறாரு.”

துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன். அடக்கமாட்டாத சந்தோஷத்தோடு துண்டித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாடகைக் காரில் கிளம்பினோம். அப்பா முன்சீட்டில், நாங்கள் பின்னால். ஊர் முக்கில் திரும்பும்போது அப்பா காரை நிறுத்தச் சொன்னார். மின்கம்பத்தில் புத்தம்புதிய பிளக்ஸ். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டு, கீழே ‘இமயம் சாய்ந்தது’ என்று எழுதியிருந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யார்றா இது? நம்ம சாடையா இருக்கான்.”

என் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. அப்பாவின் உயரத்துக்கு இமயம் கொஞ்சம் அதிகம். நான் வாயைத் திறப்பதற்குள், என்ன ஏது என்று தெரியாத டிரைவர் வண்டியை வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

பந்தல் அருமையாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். குளத்தின் மேல் ஒரு சருகு விழ வழியில்லை. அதன் நிழலில் ஊரே உட்கார்ந்திருந்தது. கார் நின்றதும் பெண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். “என் பொறந்த வீடு இருண்டு போச்சே!” என்று அலறியபடி அத்தை பின்கதவைத் திறந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஒருவர் கட்டிக்கொண்டு அழுதால் கூட அழுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவும் ஓவென்று அழுதுகொண்டே, “யாரு? யாரு போனா? யாருன்னு சொல்லுங்கடி!” என்று கேட்டார்.

அந்த நேரத்தில் முன்கதவு திறந்தது. வயிற்றைக் கையால் தாங்கியபடி அப்பா இறங்கினார்.

அத்தனை பேர் ஒரே நொடியில் அழுகையை நிறுத்துவதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் மயங்கி விழுந்தார். ஐஸ் பெட்டியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர், இறக்குவதா ஏற்றுவதா என்று தெரியாமல் பாதியில் நின்றார்கள்.

அந்தப் பெட்டியை வரவழைத்தவர் சித்தப்பா. சேர் போட்டவர், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டவர், வந்தவர்களை உட்கார வைத்தவர் எல்லாம் சித்தப்பாதான். பங்காளி முறைக்கு அது அவர் கடமை. ஆனால் கடமைக்கு நின்றவர் மாதிரி இல்லை. இடுப்பில் துண்டு, சட்டையில்லாத உடம்பு, அழுது சிவந்த கண். எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால், ஐஸ் பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்று தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தார். அதற்காக எல்லை வேலியைத் தானே வெட்டித் திறந்திருந்தார்.

அப்பா கூட்டத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்தார்.

“தம்பி... வந்துட்டியாடா?” என்றார்.

சித்தப்பா ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இருக்கியாண்ணே? இருக்கியா? ஒன் மகனுக்குக் காலையில இருந்து போன் போடுறேண்ணே, எடுக்க மாட்டேங்குறான்.” தோளைத் தடவினார், முகத்தைத் தடவினார். இரண்டு கிழவர்களும் நடுவாசலில் நின்று சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் என் முட்டாள்தனத்துக்கே ஊர் மாலை போட்டிருக்கும். யாரோ ஒருவர் கேட்டார், “அப்ப பந்தல் யாருக்குப்பா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பந்தல்காரர் வீடு மாறி வந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தவன் இல்லையா, விளக்கம் சொன்னேன். “குளத்துக்கு” என்றேன். திறந்து கிடந்தால் தொட்டி, கூரை போட்டால் கட்டடம், கட்டடத்துக்கு அனுமதி வேண்டும், பந்தலுக்கு வேண்டாம் என்று, எழவுக்கு வந்த ஜனங்களுக்கு முன்னால் நின்று கட்டட விதிகளைப் பாடம் எடுத்தேன். நாக்கு நிற்கவில்லை. “எல்லையில எடம் விடணும்னாக. அதுக்கு சித்தப்பாகிட்டப் போயி கேக்கணும். அதனாலதான்...”

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா அப்பாவின் கையை விட்டார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்குறதுக்கு, அப்பன் உசுரோட இருக்கையில எழவுப் பந்தல் போடுறது மேல்னு தோணுச்சா ஒனக்கு?”

நான் குனிந்து குளத்தைப் பார்த்தேன்.

“ஒண்ணும் பெருசா கேட்டிருக்க வேண்டாமேப்பா. ‘சித்தப்பா, எடம் வேணும்’னா எடுத்துக்கன்னு சொல்லியிருப்பேன்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தம்பி, நில்லுடா, அவன் கெடக்கான் கிறுக்குப் பய” என்று அப்பா கூப்பிட்டார். தையல் போட்ட வயிற்றோடு பின்னாலேயே நடக்கவும் பார்த்தார். அம்மா பிடித்துக்கொண்டார். சித்தப்பா திரும்பிப் பார்க்கவில்லை. போகிற போக்கிலேயே ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் வேலியில் முள் வைத்து அடைத்தாகிவிட்டது.

பிறகு எல்லாரும் என்னைத் திட்டினார்கள். லீவு போட்டு வந்தவர்கள் தனியாகத் திட்டினார்கள். சாவுக்கு வாங்கிய மாலையைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்பதால், அத்தனை ரோஜா மாலையையும் என் குளத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். இதழ் இதழாகப் பிரிந்து மோட்டாரை அடைத்தது. பந்தலை அன்றைக்கே பிரித்தேன். நீளக் கம்பில் வலையைக் கட்டி, என் அப்பாவுக்கு வந்த மாலைகளை நானே பொறுக்கினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் உணர்ந்தது கிடையாது. மஸ்கட்டில் நாய் குளித்த குளத்தைக் கழுவியபோதுகூட இல்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “பந்தல் போட்டதுகூடப் பரவாயில்லடா. வாயையாவது மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்” என்றார். அதன்பின் அவர் இரண்டு மூன்று பேரிடம் தம்பிக்குச் சொல்லிவிட்டார். நேரிலும் ஒரு தடவை போனார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். உள்ளே ஆள் இருந்தது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

குடும்பத்தில் இது பெரிய வேடிக்கை ஆகிவிட்டது. எங்கள் வகையறாவில் எந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாலும், என்னைப் பார்த்ததும் யாராவது ஒருத்தர் கேட்பார், “என்ன மாப்ள, இது குளத்துக்கா, ஆளுக்கா?” நான் பல்லைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், ‘ஒரு வெளாட்டுக்குச் சொன்னா கோபத்தைப் பாரு’ என்பார்கள்.

போன வருடம் அப்பா நிஜமாகவே போய்விட்டார். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல். அதே பந்தல்காரருக்குத்தான் போன் போட்டேன். “உறுதியாத்தானுங்களே?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கீரமங்கலத்து அத்தை அம்மாவைப் போனில் கூப்பிடச் சொல்லி, அம்மா அழுவதைக் காதால் கேட்ட பிறகுதான் கார் ஏறினார். சில பேர் மறுநாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ‘நாங்க அன்னைக்கு மாதிரின்னு நெனச்சுட்டோம்’ என்று வந்து நின்றார்கள்.

சித்தப்பாவுக்கு ஆள் மூலம் சொல்லிவிட எனக்கு மனமில்லை. சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு நானே போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் பந்தலும் கூட்டமும் நன்றாகத் தெரியும். நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன்.

“அப்பா போயிட்டாக, சித்தப்பா. வாங்க.”

பந்தலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்து எழப் போனார். வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“எங்க அண்ணனுக்கு நான் அன்னைக்கே வந்து அழுதுட்டேனேப்பா” என்றார்.

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தக் கடைசி வார்த்தையையும் சேர்த்தே சொல்கிறார்கள். பெரும்பாலும் கல்யாணப் பந்தியில்தான் சொல்வார்கள். அந்த இடம் வந்ததும் வரிசையே சிரிக்கும். நான் இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன்.